அரைக் குழாய்

மார்ச் 3, ஞாயிறு

அவர் சொன்னார் என்பதற்காக எழுதவில்லை. "தினமும் மீன் தொட்டிக்கு என்ன செஞ்சேன்னு எழுதி வை வல்லி" என்று சொல்லிவிட்டு, உனக்கு இதெல்லாம் எங்கே வரப்போகிறது என்று ஒரு பார்வை பார்த்தாரே, அதற்காக எழுதுகிறேன்.

புதன்கிழமை அவருக்கு நெஞ்சில் அறுவை. மூன்று ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதாம். சிங்கப்பூரில் முப்பத்தைந்து வருடம் பேருந்து ஓட்டியவர், ஒரு கீறல் விழாமல் வண்டியைத் திருப்பிக் கொடுத்தவர். தன் வண்டியில் அடைப்பு இருப்பதை மட்டும் கவனிக்கவில்லை. மகளுக்கு மெல்பர்னில் எட்டாம் மாதம். விமானம் ஏற விடமாட்டார்கள். வரவேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். நான் ஒருத்தி போதும்.

இன்று முழுக்க எனக்குத் தொட்டிப் பாடம் நடந்தது. ஓய்வு பெற்ற மாதம் என் ஷோகேஸ் அலமாரியைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் இந்தக் கடல்நீர்த் தொட்டியை வைத்தார். எட்டு வருடமாக வெளிக்கண்ணாடியைத் துடைப்பதோடு சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று நான் கேட்டதில்லை. கீழ் அலமாரியைத் திறந்தால் உள்ளே இன்னொரு தொட்டி, அதன் பக்கத்தில் நிற்க வைத்த மாதிரி இரண்டு கண்ணாடிக் குழாய்கள். "இதுதான் ரியாக்டர்" என்றார்.

"என்னங்க, அணு உலையைக் கொண்டுவந்து வீட்ல வச்சிருக்கீங்களா?"

"சும்மா கேளு. இதுல கரி. தண்ணி மஞ்சளாகாம பாத்துக்கும். அதுல பழுப்பு மணி. மீன் தின்ன மிச்சம், கழிவு, அதுலேர்ந்து பாஸ்பேட்னு ஒண்ணு சேரும். சேந்தா கண்ணாடியெல்லாம் பாசி. இந்த மணி அதை இழுத்துக்கும். தண்ணி கீழேர்ந்து மேல வரும்போது மணியெல்லாம் லேசா துள்ளணும்."

"லேசான்னா?"

"கஞ்சி கொதிக்கிற மாதிரி. பொங்கக் கூடாது. பொங்குனா மணி ஒண்ணோட ஒண்ணு ஒரசி மாவாயிடும். புது மணி போடுறதுக்கு முன்னாடி நல்லா கழுவிடு. அரைக் குழாய்தான் போடணும். அதுக்கு மேல வேணாம்."

அரைக் குழாய்! முழுசாக ஒரு குழாயை வாங்கிவிட்டுப் பாதி நிரப்புகிற கஞ்சத்தனத்தை இங்கேதான் பார்க்கிறேன். ஆபரேஷனுக்குப் போகிற மனுஷனிடம் வாதாட முடியுமா?

கடைசியாக ஊதாக்காரியைக் காட்டினார். தொட்டியின் நடுவில் மான்கொம்பு மாதிரி கிளை விட்டு நிற்கிற பவளம், நுனியெல்லாம் ஊதா. சேவியர் கொடுத்த கட்டைவிரல் அளவுத் துண்டு இன்று இரண்டு கை அகலம். சேவியர் வங்கியில் வேலை பார்க்கிறவர், இவரோடு சேர்ந்த பவளப் பைத்தியம். இந்தப் பைத்தியங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. தன்னிடம் நன்றாக வளர்வதை ஒடித்து நாலு பேருக்குக் கொடுத்து வைப்பார்கள். ஒரு வீட்டில் செத்தால் இன்னொரு வீட்டிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சேவியர் வீட்டுத் தாய்ப்பவளம் அவர் ஊருக்குப் போன சமயம் மின்சாரம் நின்று செத்துப்போனது. அன்றைக்கே இவர் ஒரு கிளை ஒடித்துத் தரப்போனார், நான்தான் தடுத்தேன். அழகாக இருக்கிற சாமானை யாராவது உடைப்பார்களா? அதனால் இப்போது ஊதாக்காரி எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறாள்.

"அவள பாத்துக்க" என்றார்.

நான் ஹோட்டலில் முப்பது வருடம் அறைத் துப்புரவுக்கு மேற்பார்வை செய்தவள். வெள்ளைத் துணியை விரலில் சுற்றிக் கதவின் மேல்விளிம்பைத் தடவுவேன். துணி கறுத்தால் அறையை முதலிலிருந்து செய்ய வேண்டும். என் மாடி அறைக்கு ஒரு புகார் வந்ததில்லை. ஒரு கண்ணாடித் தொட்டியைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியாதா?

மார்ச் 5, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. கட்டில் விளிம்பில் தூசி. நானே துடைத்தேன். மீனுக்குச் சாப்பாடு போட்டேன்.

மார்ச் 6, புதன்

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். ஐந்தாறு மணி நேரம் ஆகும், வீட்டுக்குப் போங்கள், நாங்கள் கூப்பிடுகிறோம் என்றார் ஒரு நர்ஸ்.

மணி மாற்றுகிற நாள் வெள்ளிக்கிழமைதான். சும்மா இருப்பானேன் என்று இன்றே புது மணியை எடுத்தேன். வாளியில் போட்டுக் கழுவினால் தண்ணீர் செம்மண் கரைத்த மாதிரி வந்தது. கொட்டிவிட்டு மறுபடி கழுவினேன். பழுப்பு போய் மஞ்சளானது, மஞ்சள் போய்த் தெளிந்தது. தெளிந்த பிறகும் கழுவினேன். ஒரு பொட்டலம் முடிந்ததும் அடுத்த பொட்டலத்தைப் பிரித்து அதையும் கழுவினேன்.

குழாயை முழுக்க நிரப்பிவிட்டேன். ஹோட்டலில் சோப்பு ஒரு மூடி ஊற்று என்று எழுதியிருந்தால் நான் இரண்டு மூடி ஊற்றுவேன். அதனால்தான் என் மாடி என் மாடியாக இருந்தது. இன்றைக்குப் போய் எதையும் அரைகுறையாகச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

மாலையில் கூப்பிட்டார்கள். நல்லபடியாக முடிந்ததாம். முடியும் என்று எனக்குத் தெரியும். நான் பயப்படவே இல்லை. கை மட்டும் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது.

மார்ச் 8, வெள்ளி

கண் விழித்துப் பேசினார். நெஞ்சைப் பிளந்து தைத்திருக்கிறார்கள், மூக்கிலும் கழுத்திலும் குழாய். நான் குனிந்து காதைக் கொடுக்கிறேன்.

"ஊதாக்காரி எப்படி இருக்கா?"

முப்பத்தெட்டு வருடம் சமைத்துப் போட்டவள் எதிரே நிற்கிறேன்! "அவளுக்கென்ன, ராணி மாதிரி இருக்கா. உங்க பொண்டாட்டியும் இருக்கா, கேட்டதுக்கு சந்தோஷம்" என்றேன். சிரிக்க வந்து, வலித்து, தையல் இழுக்காமல் இருக்கத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சிரிக்க வைக்காதீர்கள் என்று நர்ஸ் என்னைக் கடிந்துகொண்டார். எனக்குக் கோபமே வரவில்லை. அவரிடம் பேசுவதற்குக் குரல் இருக்கிறது, அது போதும்.

மார்ச் 12, செவ்வாய்

நோன்பு தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டு ஜரினா கஞ்சி கொண்டுவந்தாள். ஹாலுக்குள் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, தொட்டில தண்ணி இருக்கா இல்லையா? மீனு காத்துல நீந்துற மாதிரியில்ல இருக்கு!"

உண்மைதான். முன்பெல்லாம் நாலு நாளைக்கு ஒருமுறை கண்ணாடியில் பச்சையாக மெலிசாகப் படியும், அவர் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருப்பார். இப்போது படிவதே இல்லை. வெள்ளைத் துணியால் உள்பக்கம் தடவிப் பார்த்தேன். துணி வெள்ளையாகவே வந்தது. எட்டு வருடம் அவர் செய்ய முடியாததை நான் ஒரே வாரத்தில் செய்துவிட்டேன்.

ஜரினா போனதும் பாஸ்பேட் சோதனையும் செய்தேன். சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீர் எடுத்து, பொடியைப் போட்டுக் குலுக்கி, அவர் காட்டிக்கொடுத்த கையடக்கக் கருவிக்குள் வைத்தால் எண் காட்டும். காட்டியது பூஜ்யம். சுத்தமான பூஜ்யம்! பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிய நாளில்கூட இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன். கருவியையும் என் முகத்தையும் சேர்த்துப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. "நல்லா இருக்கு வல்லி. சேவியரை ஒரு தடவை வந்து பார்க்கச் சொல்றேன்."

வரட்டும். பார்த்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 13, புதன்

வந்தார். வந்த லட்சணத்தை எழுதுகிறேன்.

நான் கோப்பி கலக்க அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தால் கையில் டேப்பை வைத்துக்கொண்டு தொட்டியின் நீளத்தை அளந்துகொண்டிருக்கிறார்.

"எதுக்கு அளக்குறீங்க?"

திருதிருவென்று விழித்தார். "இல்ல அண்ணி... அண்ணே ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தாங்க. ஒருவேளை ஏதாச்சும் ஆயிட்டா, டேங்க நான் எடுத்துக்கணும்னு. இப்பத்தான் நல்லாயிட்டாங்க, ஆனாலும் வீட்டுக்கு வந்து பளு தூக்கக் கூடாதுல்ல, அண்ணிக்கும் பாரம், நீயே எடுத்துக்கன்னு..."

எனக்குப் பாரமாம். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. வீட்டில் இருக்கிற சாமான் யாருக்குப் போகிறது என்பது ஊருக்குத் தெரிந்திருக்கிறது, வீட்டுக்காரிக்குத் தெரியவில்லை.

"டேப்பை மடக்குங்க" என்றேன். "தொட்டி எங்கயும் போகல. அவர் வீட்டுக்கு வர்ற அன்னைக்கு ஊதாக்காரி அவர் விட்டுட்டுப் போன மாதிரியே நிப்பா. நிக்கலேன்னா, நீங்க லாரியோட வந்து எடுத்துட்டுப் போங்க, நான் லிப்ட் வரைக்கும் பிடிச்சுத் தர்றேன்."

"அண்ணி, அது சரி, ஆனா அந்தக் குழாய்ல ஒண்ணு கவனிச்சேன், சொல்லணும்..."

"சொன்னது போதும். கோப்பி ஆறுது."

குடித்துவிட்டுப் போனார். வாசல் வரை போய் வழியனுப்பினேன். மரியாதையில் நான் குறை வைப்பதில்லை.

மார்ச் 16, சனி

அவரைச் சமூக மருத்துவமனைக்கு மாற்றிவிட்டார்கள். நடை பழக்குவார்கள். ஊதாக்காரியின் நுனிகள் வெளிச்சத்தில் முன்பைவிடப் பளிச்சென்று தெரிகின்றன. தண்ணீர் சுத்தமானதால் இருக்கும்.

மார்ச் 19, செவ்வாய்

பளிச்சென்று இல்லை. வெளுத்திருக்கிறாள். நுனியில் ஊதாவே காணோம், அடியில் பழுப்பும் போய் வெளிர் மஞ்சளாக இருக்கிறது. பின்பக்கக் கிளை ஒன்றில் தோல் உரிந்து எலும்பு மாதிரி வெள்ளை தெரிகிறது. கரியை மாற்றினேன். கண்ணாடியைத் துடைத்தேன். கீழ்த்தொட்டியையும் கழுவினேன். மாலையில் இன்னும் வெளுத்திருந்தாள்.

அங்கே அவரும் சரியில்லை. நான் கொண்டுபோகிற ஓட்ஸைத் தொடுவதில்லை. உப்பில்லாமல், எண்ணெயில்லாமல், டாக்டர் சொன்னதைவிடப் பாதியாகக் குறைத்துப் பத்தியமாகச் செய்கிறேன். கிருமி வரக்கூடாது என்று வரவிருந்த சிநேகிதர்களையும் வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். ஒரு ஈ எறும்பு அண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். மனுஷர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். நடக்க எழுப்பினால் நாளைக்கு என்கிறார்.

"ஊதாக்காரி?" என்று கேட்டார்.

"பளபளன்னு இருக்கா."

"சேவியர் நல்லவன் வல்லி" என்றார்.

கெட்டவன் என்று யார் சொன்னது?

மார்ச் 20, புதன்

கூப்பிட்டேன். என் வாயால் நானே கூப்பிட்டேன். எழுதும்போதும் கசக்கிறது. ஆனால் காலையில் இன்னொரு கிளையிலும் தோல் உரியத் தொடங்கியிருந்தது. என் ரோஷத்துக்கு அவள் சாகவேண்டுமா?

சேவியர் வங்கியிலிருந்து டையைக்கூடக் கழற்றாமல் நேராக வந்தார். நேரே கீழே உட்கார்ந்து அலமாரியைத் திறந்து, "எவ்வளவு மணி போட்டீங்க?" என்றார்.

"முழுக் குழாய்."

தலையில் கை வைத்துக்கொண்டார். "அன்னைக்கு அதத்தான் சொல்ல வந்தேன் அண்ணி. பவளத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு. அதோட கலரு, முக்காவாசி சாப்பாடு, எல்லாம் அது தர்றதுதான். அதுக்குத் துளியூண்டு பாஸ்பேட் வேணும். நீங்க ஒரே நாள்ல சுத்தமா உருவிட்டீங்க. பட்டினி கிடக்குது."

"சுத்தம் சோறு போடும்னு நீங்க படிச்சதே இல்லையா?"

"படிச்சிருக்கேன் அண்ணி. இங்க சுத்தம் சோத்தப் பிடுங்கிருச்சு."

வேறு நாளாக இருந்தால் அந்த வாய்க்குப் பதில் கொடுத்திருப்பேன். தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நான் என்ன செய்யணும்?"

குழாயின் மோட்டாரை நிறுத்தினோம். மணிகளை எடுத்தோம். விளக்கைக் குறைத்தோம். மீனுக்கு இனி இரண்டு வேளை, கொஞ்சம் தாராளமாக. "அப்புறம் எதையும் தொடாதீங்க. கழுவாதீங்க, தொடைக்காதீங்க. பச்சை படிஞ்சா படியட்டும். கையக் கட்டிக்கிட்டு சும்மா இருங்க, அதுதான் மருந்து" என்றார்.

"பொழைப்பாளா?"

"பாதியாவது பொழைக்கும்னு நெனைக்கிறேன்." பொய் சொல்லவில்லை, அதற்காக அவரை மதிக்கிறேன்.

போகும்போது நான் கேட்டேன், இதை அண்ணனிடம் சொல்வீர்களா என்று. "நீங்க சொல்லிக்குவீங்க" என்றார்.

மார்ச் 21, வியாழன்

சும்மா இருந்தேன்.

மார்ச் 22, வெள்ளி

சும்மா இருப்பதைப் போலக் கஷ்டமான வேலையை எந்த மேனேஜரும் எனக்குக் கொடுத்ததில்லை.

மார்ச் 24, ஞாயிறு

இன்று அவருடைய பழைய டிப்போ சிநேகிதர்கள் மூன்று பேர் மருத்துவமனைக்கு வந்தார்கள். அவர்களாகவே வந்தார்கள். நான் ஒரு போன் போட்டேன், அவ்வளவுதான். செருப்புச் சத்தமும் சிரிப்புமாக வார்டே அதிர்ந்தது. கட்டிலில் ஒருவர் உட்கார்ந்தார், வெளியே போட்டுத் திரிந்த பேண்ட்டோடு. பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். இவர் தலையணையை அணைத்துக்கொண்டு சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் விட்டார். பிறகு அவர்களை வழியனுப்ப லிப்ட் வரைக்கும் தானே எழுந்து நடந்தார். ஒரு வாரமாக நடை பழக்க வருகிற பெண் கெஞ்சியும் அசையாத மனுஷர்!

உணவு ஆலோசகரைக் கேட்டேன். அளவோடு உப்புச் சேர்க்கலாம், நீங்கள்தான் அளவுக்கு மீறிக் குறைக்கிறீர்கள் என்றார். மிளகு ரசமும் குழைந்த சோறும் கொண்டுபோனேன். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார்.

தொட்டியில் எதையும் தொடவில்லை. கண்ணாடி ஓரத்தில் பச்சை தொடங்கியிருக்கிறது. விரல் துறுதுறுக்கிறது.

மார்ச் 29, வெள்ளி

பெரிய வெள்ளி. சேவியர் சர்ச்சிலிருந்து வந்து சோதனை செய்தார். பாஸ்பேட் கொஞ்சமாக ஏறியிருக்கிறது. பூஜ்யம் இல்லை என்று நான் சந்தோஷப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

பின்பக்க இரண்டு கிளைகள் செத்துவிட்டன. செத்ததை விட்டுவைத்தால் பக்கத்துக் கிளைக்கும் பரவும், ஒடித்துவிட வேண்டும் என்றார். கத்தரியை அவர் எடுத்தார். "கொடுங்க" என்று வாங்கி நானே வெட்டினேன். நான் செய்த காரியத்தை இன்னொருவர் வெட்டுவானேன்? டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்த வெள்ளைத் துண்டுகளைக் குப்பையில் போட மனம் வரவில்லை, துளசித் தொட்டியில் வைத்திருக்கிறேன். வருத்தமாக இருந்தது. ரொம்ப வருத்தமாக இருந்தது.

ஏப்ரல் 5, வெள்ளி

முன்பக்கக் கிளையின் நுனியில் ஊதா. விளக்கின் வெளிச்சமோ என்று விளக்கை அணைத்துப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தேன். ஜரினாவைக் கூப்பிட்டு, "இது என்ன கலர், சொல்லு" என்றேன். "ஊதாதான்க்கா, ஏன், கண்ணு தெரியலையா?" என்றாள். நோன்பு நேரத்தில் அவளைக் கட்டிக்கொண்டு அவளுடைய தலைத்துணியைக் கலைத்துவிட்டேன்.

ஏப்ரல் 13, சனி

வீட்டுக்கு வந்துவிட்டார்.

வாசலில் செருப்பைக் கழற்றியதும் நேரே தொட்டி முன்னால் போய் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நான் பையை வைக்கிற சாக்கில் பின்னால் நின்றேன். கண்ணாடியில் கீழோரம் முழுக்கப் பச்சை படிந்திருந்தது. வெளியிலிருந்து அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

"பாசி விட்டிருக்கே!"

"தெரியும்."

"நீயா விட்டு வச்சிருக்க?"

"பின்ன, ஜரினாவா வந்து விட்டு வச்சா?"

அப்புறம் ஊதாக்காரியைப் பார்த்தார். பின்பக்கம் குட்டையாக, மற்ற கிளைகள் முன்பைவிட வெளிறி, ஆனால் நுனி நுனியாக ஊதா திரும்பி நின்றாள். நானே சொல்லிவிட்டேன். "முழுக் குழாய் போட்டேன். பட்டினி போட்டுட்டேன். ரெண்டு கிளை செத்துப்போச்சு. பளபளன்னு இருக்கான்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். இப்ப திட்டுறதுன்னா திட்டுங்க."

"பூஜ்யம்னு படம் அனுப்புனியே, அப்பவே தெரியும்."

எனக்குச் சுரீர் என்றது. "தெரிஞ்சா ஏங்க சொல்லல? சொல்லியிருந்தா அந்தக் கிளை பொழைச்சிருக்குமே!"

"ஒரு வாரமா ஆஸ்பத்திரிக்கு வந்து மூஞ்சியக் கல்லா வச்சுக்கிட்டு நின்ன. அந்தப் படத்துலதான் மொத மொதல்ல சிரிச்சிருந்த. அதுல போய் தப்பு கண்டுபிடிக்கச் சொல்றியா? சேவியரை அனுப்புனேன். நீதான் அவன் வாயத் திறக்க விடல."

"டேப்பைக் கொண்டு வந்தா விடுவேனா? எனக்குப் பாரம்னு சொன்னீங்களாமே. இந்தத் தொட்டியப் பாத்துக்க எனக்குத் துப்பு இல்லேன்னுதானே?"

அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒருவேளை நான் வராமப் போயிட்டா, இதப் பாத்துப் பாத்து நீ அழக் கூடாதுன்னு நெனச்சேன்."

"நான் அழமாட்டேன்."

"தெரியும். தொடச்சுக்கிட்டே இருப்ப."

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பதை எழுத வேண்டிய அவசியமில்லை. அவர் பார்த்தார், போதும்.

ஏப்ரல் 14, ஞாயிறு

புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடியில் உப்பு, வெல்லம், வேப்பம்பூ எல்லாம் அளவோடு. மீனுக்கு இரண்டு வேளை.

ஏப்ரல் 21, ஞாயிறு

சேவியரை நான்தான் வரச்சொன்னேன். இன்னும் இரண்டு பவளக்காரர்களோடு வந்தார். ஊதாக்காரி பிழைத்த கதை அவர்கள் குழுவில் பரவிவிட்டதாம். வந்த ஒருவர் இவரிடம், "அண்ணே, மணியெல்லாம் எடுத்துட்டு மறுபடி எப்ப ஆரம்பிச்சீங்க, எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்டார்.

"என்னைக் கேட்டா? நான் இப்ப பயணி, பின் சீட்டுல உக்காந்துருக்கேன். வண்டி ஓட்டுற கேப்டன் அங்க நிக்கிறாங்க" என்று என்னைக் கை காட்டினார்.

மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழ் அலமாரியைத் திறந்தேன். வியாழக்கிழமைதான் குழாயை மறுபடி ஓட விட்டிருக்கிறேன். கால் குழாய்தான் போட்டேன். நன்றாகக் கழுவி, தண்ணீர் தெளிந்ததும் நிறுத்திவிட்டேன். மேலே உள்ள மணிகள் மட்டும் கஞ்சி கொதிக்கிற பதத்தில் துள்ளிக்கொண்டிருந்தன. வாரம் ஒருமுறை சோதிப்பேன், ஏறினால் மட்டும் இன்னும் ஒரு கரண்டி, அரைக் குழாய்க்கு மேல் ஒருநாளும் போகமாட்டேன் என்று சொன்னேன். ஒருவர் போனில் குறித்துக்கொண்டார். ஹோட்டலில் இருந்தபோது புதிதாக வந்த மேனேஜர்கள்கூட என் பேச்சை இப்படிக் கேட்டதில்லை.

பிறகு கத்தரியை எடுத்தேன். சேவியர் பதறிப்போனார்.

"அண்ணி, வேணாம். இப்பத்தான் தேறுது."

"தேறுன கிளையாப் பாத்துத்தான் வெட்டுறேன். என் வீட்ல ஒரு தப்பு நடந்தா இவ அடியோட இல்லாமப் போயிருப்பா. நான் செஞ்ச மாதிரி நாளைக்கு இன்னொரு தப்பு செய்யமாட்டேன்னு என்ன நிச்சயம்? உங்க வீட்லயும் ஒண்ணு இருக்கட்டும்."

முன்பக்கத்தில் நல்ல ஊதாவாக நின்ற கிளையில் கட்டைவிரல் அளவு வெட்டி, அவர் நீட்டிய டப்பாவில் தண்ணீரோடு விட்டேன். அவர் எட்டு வருடத்துக்கு முன்னால் கொண்டுவந்ததும் இதே அளவுதானாம். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"கை கழுவிட்டுத் தொடுங்க" என்றேன். அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

ஏப்ரல் 28, ஞாயிறு

ஜரினா பெருநாளுக்குச் செய்த பலகாரத்தில் மிச்சமிருந்ததை டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தாள். இவர் தொட்டி முன்னால் தலையணையோடு உட்கார்ந்திருந்தார். பலகாரத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவள் குனிந்து கண்ணாடியின் கீழோரத்தைப் பார்த்தாள். நான் முன்பக்கத்தை மட்டும் துடைப்பேன், அந்த ஓரத்தை விட்டுவிடுவேன்.

"என்னக்கா இது, பச்சையா அழுக்கு ஒட்டியிருக்கு? உங்க வீட்லயா!"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அழுக்கு இல்லடி" என்றேன். "அது இருந்தாத்தான் உள்ள சோறு இருக்குன்னு அர்த்தம். தெரிஞ்சவங்க வீட்டுத் தொட்டி இப்படித்தான் இருக்கும்."

அவர் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். இப்போதெல்லாம் சிரித்தால் அவருக்கு வலிப்பதில்லை. சும்மா ஒரு பழக்கத்துக்கு அணைத்துக்கொள்கிறார்.